கால்நடை மருத்துவர்களும் தற்கொலையும்: நாற்பதாண்டு விடைகள்

1982-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்களான ஏரன் பிளேரும் ஹோவர்ட் ஹேய்ஸும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1947 முதல் 1977 வரை இறந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எந்தெந்தக் காரணங்களால் இறந்தார்கள் என்பதன் தொகுப்பு அது. எக்ஸ்-ரே கதிர், ரசாயனம், விலங்குகளிடமிருந்து வரும் தொற்று ஆகியவற்றோடு அன்றாடம் புழங்குகிறவர்களுக்குப் புற்றுநோய் கூடுதலாக வருகிறதா என்பதை அறிவதே அதன் முதன்மை நோக்கம். சில வகைப் புற்றுநோய்கள் கூடுதலாகத்தான் இருந்தன. அதே பட்டியலில் யாரும் தேடாத ஒன்றும் எதிர்பார்த்த அளவைத் தாண்டி நின்றது: தற்கொலை.

அன்றிலிருந்து பிரிட்டன், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நார்வே என்று பல நாடுகளில் இதே கேள்வி கேட்கப்பட்டு வருகிறது. உயிரைக் காக்கும் கல்வி பெற்றவர்கள், சமூகத்தில் மதிப்புள்ளவர்கள், பெரும்பாலும் தாமே விரும்பி இந்தப் படிப்புக்கு வந்தவர்கள். இவர்களில் ஏன் இத்தனை பேர்? இதற்கு ஒரு விடை அல்ல, ஐந்தாறு விடைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அது பிறந்த துறையின் சாயல் இருக்கிறது. தொற்றுநோயியலார் மருந்து அலமாரியைப் பார்த்தார்கள். உளவியலார் மரண அச்சத்தையும் ஆளுமையையும் பார்த்தார்கள். மெய்யியலார் மனச்சாட்சியைப் பார்த்தார்கள். தொழிற்சங்கங்களும் மருத்துவர் அமைப்புகளும் சம்பளத்தையும் இரவுப் பணியையும் பார்த்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் படிக்கும்போது, பொதுவெளியில் அதிகம் பேசப்படும் விடையும் அதிகச் சான்றுள்ள விடையும் ஒன்றல்ல என்றே தோன்றுகிறது.

எண்கள் எவ்வளவு உறுதியானவை

“கால்நடை மருத்துவர்களின் தற்கொலை விகிதம் பொதுமக்களினதைவிட நான்கு மடங்கு” என்ற வாக்கியம் உலகெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இதன் வேர், இங்கிலாந்து-வேல்ஸ் மரணப் பதிவுகளை வைத்து 1990-களில் செய்யப்பட்ட கணக்குகளிலும் அதன்பின் 2005-இல் ரிச்சர்ட் மெல்லன்பி செய்த கணக்கிலும் இருக்கிறது. டேவிட் பார்ட்ரமும் டேவிட் பால்ட்வினும் 2010-இல் எழுதிய மதிப்பாய்வு அதைப் பரவலாக்கியது.

இந்தக் கணக்கின் முறையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி, ஒரு தொழிலில் நிகழ்ந்த எல்லா மரணங்களிலும் தற்கொலையின் பங்கு எவ்வளவு என்பதைப் பார்க்கிறது. கால்நடை மருத்துவர்கள் வசதியும் கல்வியும் உள்ளவர்கள்; புகைப்பழக்கம், இதயநோய் போன்றவற்றால் இறப்பது குறைவாக இருக்கலாம். மற்ற மரணங்கள் குறைந்தால் தற்கொலையின் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். இன்னொரு சிக்கல், எண்ணிக்கையின் சிறுமை. சில ஆயிரம் பேர் மட்டுமே உள்ள ஒரு தொழிலில் ஓராண்டுக்கு ஓரிரண்டு மரணம் கூடினாலும் குறைந்தாலும் மடங்குக் கணக்கு தலைகீழாக மாறும். ஆஸ்திரேலியாவின் இரு மாநிலங்களை வைத்து 2008-இல் வந்த ஆய்வும் மிகச் சில மரணங்களின் மேல் நிற்பதுதான்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இவற்றைவிடப் பெரியது. 1979 முதல் 2015 வரை இறந்த 11,620 கால்நடை மருத்துவர்களில் 398 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆண்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. இதுவும் பங்குக் கணக்கே. ஆனாலும் இத்தனை ஆண்டுகள், இத்தனை மரணங்கள் என்ற பரப்பில் ஒரே திசையைக் காட்டுவதால், “உண்மையிலேயே ஏதோ கூடுதலாக இருக்கிறது” என்று சொல்வதற்குத் தயங்க வேண்டியதில்லை. பெண்களின் மடங்கு ஆண்களினதைவிட உயரமாக இருப்பதும் முக்கியம். மேலைநாடுகளில் இந்தத் தொழில் வேகமாகப் பெண்களின் தொழிலாகி வருகிறது.

எதிர்த்திசையில் ஓர் ஆய்வு இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை. ஸ்டீபன் ராபர்ட்ஸ் குழுவினர் 2013-இல் பிரிட்டனின் எல்லாத் தொழில்களையும் வரிசைப்படுத்தினர். 1979 முதல் 1983 வரையிலான காலப்பகுதியில் தற்கொலை விகிதத்தில் முதலிடம் கால்நடை மருத்துவர்களுக்கு. 2001–2005 காலத்தில் அவர்கள் முதல் முப்பது இடங்களிலேயே இல்லை. பட்டியலின் மேலே உடலுழைப்புத் தொழில்கள் ஏறிவிட்டன. அந்த மாற்றம் நிலைத்ததா, வேறு நாடுகளுக்குப் பொருந்துமா என்பது தனி விவாதம். ஆனால் ஒரு முடிவு தெளிவு: இந்த ஆபத்து தொழிலோடு பிறந்து அதோடு ஒட்டியே இருக்கும் விதி அல்ல. ஏறியது இறங்கவும் கூடும்.

மருந்து அலமாரி

முதல் விடை எளிமையானது. உயிரைப் போக்கக்கூடிய மருந்துகள் இவர்களுடைய வேலைக்களத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பற்றிய அறிவும் இருக்கிறது. நெருக்கடி நேரத்தில் மற்றவர்கள் செய்யும் முயற்சியில் பிழைப்பவர்கள் அதிகம். இவர்களில் பிழைப்பவர்கள் குறைவு. மருத்துவர், பல் மருத்துவர், மருந்தாளுநர், விவசாயி என்று 1980-களில் பட்டியலில் மேலே இருந்த தொழில்களுக்கெல்லாம் இது பொது.

இதற்கு வலுவான சான்று ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் டிரேசி விட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு. 2003 முதல் 2014 வரை அமெரிக்காவில் நிகழ்ந்த தற்கொலைகளில் கால்நடை மருத்துவர்களின் விகிதம் பொதுமக்களினதைவிடக் கூடுதலாக இருந்தது. பிறகு, விலங்குகளின் கருணைக்கொலைக்குப் பயன்படும் மருந்தால் நேர்ந்த மரணங்களை மட்டும் நீக்கிவிட்டுக் கணக்கிட்டார்கள். ஆண், பெண் இரு பாலரிலும் அந்தக் கூடுதல் ஏறத்தாழ மறைந்துபோனது. இந்த ஒரு முடிவு, “கால்நடை மருத்துவர்கள் மற்றவர்களைவிட மனம் உடைந்தவர்கள்” என்ற பொதுக்கருத்தை மறுபரிசீலனை செய்ய வைக்கிறது. இறக்க நினைப்பது கூடுதல் அல்லாமலும் இறப்பது கூடுதலாக இருக்க முடியும்.

இதை ஏற்கச் சிலருக்கு மனம் ஒப்பாது. “இறக்க முடிவு செய்தவர் ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி தேடிக்கொள்வார்” என்பது நம்மிடையே ஆழமாகப் பதிந்த எண்ணம். வரலாறு அதை ஆதரிக்கவில்லை. பிரிட்டனில் 1960-களில் சமையல் எரிவாயுவின் நச்சுத்தன்மை படிப்படியாக நீக்கப்பட்டபோது நாட்டின் மொத்தத் தற்கொலைகளும் கணிசமாகக் குறைந்தன. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று இலங்கை. 1990-களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை விகிதமுள்ள நாடுகளில் ஒன்று அது. 1995-இல் கொடிய நச்சுள்ள பூச்சிக்கொல்லிகளுக்கும் 1998-இல் எண்டோசல்ஃபானுக்கும் தடை வந்தது. 2005 வாக்கில் விகிதம் பாதியாகிவிட்டது. அந்தப் பத்தாண்டில் முந்தைய பத்தாண்டைவிட ஏறத்தாழ 20,000 மரணங்கள் குறைவு. போர், வேலையின்மை, குடி எதுவும் அதற்கேற்பக் குறைந்துவிடவில்லை. துயரம் இருந்தது, மரணம் குறைந்தது.

ஆனாலும் மருந்து அலமாரி விடை முழுமையானதல்ல. விட்டின் அதே ஆய்வில், கால்நடை மருத்துவமனை உதவியாளர்களிடமும் தற்கொலை கூடுதலாக இருந்தது. அந்த மருந்தை நீக்கிக் கணக்கிட்டபோதும் அவர்களுடைய கூடுதல் மறையவில்லை. குறைந்த சம்பளம், குறைந்த அதிகாரம், அதே துயரக் காட்சிகள் என வாழும் இந்த உதவியாளர்களைப் பற்றிய ஆராய்ச்சி மருத்துவர்களைப் பற்றியதில் ஒரு சிறு பகுதிகூட இல்லை என்பது இந்தத் துறையின் பெரிய குறை. அதோடு, வழி கைக்கெட்டியது ஏன் மரணம் நேர்ந்தது என்பதை விளக்கும். ஏன் ஒருவர் அந்த எண்ணத்துக்கு வந்தார் என்பதை விளக்காது.

கருணைக்கொலையும் மரண அச்சமும்

பொதுமக்கள் உடனே நினைப்பது இந்த விடையைத்தான். பெரும்பாலான நாடுகளில் வேறெந்த மருத்துவரும் தன் கையாலேயே நோயாளியின் உயிரை முடித்துவைப்பதில்லை. கால்நடை மருத்துவர் அதை வாரம் பலமுறை செய்யக்கூடும். காலையில் நாய்க்குட்டிக்குத் தடுப்பூசி, அடுத்த அறையில் பதினான்கு வயது நாய்க்குக் கடைசி ஊசி, அழுகிற குடும்பத்துக்கு ஆறுதல், உடனே அடுத்த நோயாளி. இதன் பாரத்தை யாரும் மறுக்க முடியாது.

இதிலிருந்து இரு வேறு வாதங்கள் கிளைக்கின்றன. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, கொல்வது துயரம் தருகிறது, துயரம் தற்கொலைக்குக் கொண்டுபோகிறது என்பது. மற்றொன்று நுட்பமானது: துன்பத்துக்கு மரணம் ஒரு நல்ல முடிவு என்று நாள்தோறும் சொல்லியும் செய்தும் பழகியவருக்குத் தன் மரணத்தைப் பற்றிய அச்சமும் தளர்ந்துவிடும் என்பது. இரண்டாவதற்குக் கோட்பாட்டு அடிப்படை தந்தவர் உளவியலாளர் தாமஸ் ஜாய்னர். 2005-இல் அவர் முன்வைத்த கொள்கைப்படி, சாக விரும்புவது மட்டும் போதாது. மரண அச்சத்தை மீறும் திறனும் பழக்கத்தால் உருவாக வேண்டும். விட் குழுவினர் 2013-இல் கால்நடை மருத்துவ மாணவர்களிடம் ஆராய்ந்தபோது, கருணைக்கொலை அனுபவம் கூடுதலாக உள்ளவர்களிடம் மரண அச்சம் குறைவாக இருந்தது. கோட்பாட்டுக்கு ஆதரவுதான். ஆனால் மரண அச்சம் குறைவு என்பதும் தற்கொலை ஆபத்து என்பதும் ஒன்றல்ல.

இந்த இடத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து எதிர்பாராத முடிவொன்று வந்தது. டிரான், கிரேன், பிலிப்ஸ் ஆகியோர் 2014-இல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவர்களிடம் செய்த ஆய்வு, கருணைக்கொலை எத்தனை முறை செய்கிறார்கள் என்பதற்கும் மனச்சோர்வுக்கும் மிகச் சிறிய தொடர்பையே கண்டது. தற்கொலை ஆபத்தோடு நேரடித் தொடர்பு இல்லை. அதற்கும் மேலாக, ஏற்கெனவே மனச்சோர்வு உள்ளவர்களிடையே, கருணைக்கொலை அடிக்கடி செய்பவர்களிடம் அந்தச் சோர்வு தற்கொலை எண்ணமாக மாறுவது பலவீனமாக இருந்தது. ஒரு சாவு எத்தனை பேரை உடைத்துப்போடுகிறது என்பதை மேசையருகே நின்று பார்த்தவர்கள் என்பதால் இருக்குமோ என்று ஊகிக்க இடமுண்டு. ஒரே ஆய்வு, அதுவும் ஒரே காலப்புள்ளியில் எடுத்த கணிப்பு. இதன்மேல் கோட்டை கட்டக் கூடாது. ஆனால் “கொல்வதால்தான் சாகிறார்கள்” என்று உறுதியாகச் சொல்வதை நிறுத்திவைக்க இது போதும்.

கருணைக்கொலையை மருத்துவர்களே பெரும்பாலும் கடமையாகவும், சில நேரம் தம் தொழிலின் உயர்ந்த சேவையாகவும் காண்கிறார்கள். வலியில் துடிக்கும் உயிருக்கு அமைதியான முடிவைத் தர முடிவது பாரமாக இருந்தாலும் குற்றவுணர்வாக இருக்க வேண்டியதில்லை. குற்றவுணர்வு எங்கே நுழைகிறது என்பதைச் சொன்னவர் ஒரு மெய்யியலாளர்.

மனச்சாட்சி நெருக்கடி

கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் கற்பித்த பெர்னார்ட் ரோலின் 1987-இல் எழுதிய கட்டுரையில் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். நோயுற்ற விலங்கைக் கொல்வது ஒன்று. நலமான விலங்கை, உரிமையாளருக்கு வீடு மாற வேண்டியிருக்கிறது, அதனோடு சலித்துவிட்டது, காப்பகத்தில் இடமில்லை என்பதற்காகக் கொல்வது வேறொன்று. விலங்குகளை நேசித்து இந்தத் தொழிலுக்கு வந்தவரிடம் அந்த நேசத்துக்கு நேர்மாறான செயலைக் கேட்கும்போது உண்டாவதை அவர் மனச்சாட்சியின் நெருக்கடி என்றார். இதற்கு ஓய்வோ, உடற்பயிற்சியோ, மூச்சுப்பயிற்சியோ மருந்தாகாது. சரியல்ல என்று அறிந்ததைச் செய்ததால் வந்த வலி அது, களைப்பால் வந்ததல்ல என்பது அவருடைய வாதம். என் பார்வையில் இந்த நாற்பதாண்டு விவாதத்தில் மிக ஆழமான பங்களிப்பு இது. மனநலப் பயிலரங்கம் நடத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இன்றும் கேட்கத் தவறும் கேள்வியை அவர் அன்றே கேட்டுவிட்டார்.

இதற்கு இணையான கருத்து செவிலியர் துறையில் 1984-இலேயே ஆண்ட்ரூ ஜேம்ட்டனிடம் இருந்தது: செய்ய வேண்டியது தெரிந்தும் நிறுவனம் செய்யவிடாத நிலை. கால்நடை மருத்துவத்தில் அந்தத் தடை பெரும்பாலும் பணம். மனிதருக்கு இருப்பதுபோல் பொதுக் காப்பீடோ அரசு மருத்துவமனையோ மேலைநாட்டுச் செல்லப்பிராணிக்குப் பெரும்பாலும் இல்லை. குணப்படுத்தக்கூடிய நோய், ஆனால் அறுவை சிகிச்சைக்கு உரிமையாளரிடம் பணமில்லை, முடிவு கருணைக்கொலை. 2018-இல் லிசா மோசஸ் குழுவினர் வட அமெரிக்காவில் 889 கால்நடை மருத்துவர்களிடம் கேட்டபோது, தக்க சிகிச்சை தர முடியாமல்போவது தங்களை மிகவும் வருத்துவதாகப் பெரும்பான்மையினர் சொன்னார்கள். இப்படிப்பட்ட மோதல்களைக் கையாளப் பயிற்சியே பெறவில்லை என்றவர்களும் பெரும்பான்மையினரே. இதன் மறுபக்கமும் உண்டு. பிழைக்க வாய்ப்பே இல்லாத விலங்குக்கு உரிமையாளரின் பிடிவாதத்தால் வேதனை தரும் சிகிச்சையைத் தொடர வேண்டியிருப்பதும் அதே அளவு நெருடல்.

பெருந்திரளாகக் கொல்ல நேரும்போது இந்த நெருக்கடி வேறொரு பரிமாணம் பெறுகிறது. 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன. நோயுற்ற பண்ணைக்கு அடுத்த பண்ணை என்ற ஒரே காரணத்துக்காக நலமான மந்தைகளும் அழிக்கப்பட்டன. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் மேகி மோர்ட் குழுவினர் கம்ப்ரியா பகுதி மக்களைப் பல மாதம் நாட்குறிப்பு எழுத வைத்து ஆராய்ந்தனர். விவசாயிகள் மட்டுமல்ல, கொல்லும் பணியில் ஈடுபட்ட முன்களப் பணியாளர்களும் திரும்பத் திரும்ப எழும் காட்சிகள், உறக்கமின்மை, அதிகாரிகளின் மேல் அவநம்பிக்கை ஆகியவற்றைப் பதிவு செய்திருந்தார்கள்.

இந்த விடையின் பலவீனம் அளவிடுதலில் இருக்கிறது. மனச்சாட்சி நெருக்கடி துயரத்தையும் வேலையை விட்டுப்போவதையும் நன்றாக விளக்குகிறது. அதிலிருந்து தற்கொலை வரையிலான பாதை இன்னும் போதிய நீண்டகால ஆய்வுகளால் நிறுவப்படவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் ஒருமுறை அனுப்பிய வினாப்படிவங்கள். வருந்துகிறவர்களே அதிகம் பதில் எழுதுவார்கள் என்ற ஐயமும் உண்டு. “இரக்கச் சோர்வு” என்று சார்ல்ஸ் ஃபிக்லி 1990-களில் பரவலாக்கிய கருத்துக்கும் இதே குறை. மேலும் அந்தப் பெயர், இரக்கம்தான் நோய்க்குக் காரணம் என்ற தவறான எண்ணத்தையும் விதைக்கிறது.

எப்படிப்பட்டவர்கள் வருகிறார்கள்

நான்காவது விடை ஆளுமையைச் சுட்டுகிறது. மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களே சேர முடிகிற படிப்பு. பிழையை மன்னிக்காத மனப்பாங்கு கொண்டவர்கள் இயல்பாகவே அதிகம். 2004-இல் மெல்லன்பியும் ஹெர்டேஜும் புதிய பட்டதாரிகளிடம் கேட்டபோது, தாம் தவறு செய்ததாகச் சொன்னவர்கள் 78 சதவீதம். பலர் தனியாக, மூத்தவர் துணையின்றி வேலை செய்துகொண்டிருந்தவர்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் தோற்றறியாத ஒருவருக்கு, முதல் ஆண்டிலேயே தன் கையில் ஓர் உயிர் தவறிப்போவது பெரிய அடி.

ஆளுமை விடைக்கு ஓரளவு உண்மை இருந்தாலும் அதை அதிகம் நம்புவது ஆபத்து. பழியைத் தொழிலிலிருந்து ஆளின்மேல் மாற்றிவிட அது வசதியான வழி. அதே பிழையை மூத்தவரோடு பேசிக் கடக்கும் இளைஞரும் ஒரே ஆளுமை உடையவராக இருக்கலாம். ஜேம்ஸ் ஹெரியட் என்ற புனைபெயரில் யார்க்ஷயர் கால்நடை மருத்துவர் ஆல்ஃப் வைட் எழுதிய புத்தகங்கள் பல தலைமுறை இளைஞர்களை இந்தத் தொழிலுக்கு ஈர்த்தன. அவர் 1960-களின் தொடக்கத்தில் கடும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர் என்பது அவருடைய மகன் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் வழியாகவே பலருக்குத் தெரியவந்தது. மறைத்து வைப்பது இந்தத் தொழிலின் நெடுநாள் பழக்கம்.

பணம், நேரம், உரிமையாளர்

சலிப்பூட்டும் விடை இது. ஆனால் மாற்றக்கூடியவை அதிகம் இதில்தான் உள்ளன. நீண்ட பணிநேரம், இரவு அழைப்பு, விடுப்பின்மை, ஆள் பற்றாக்குறை. அமெரிக்காவில் படிப்புக்காகக் கடன் வாங்கிய புதிய பட்டதாரியின் சராசரிக் கடன் ஒன்றரை லட்சம் டாலரைத் தாண்டுகிறது. மனித மருத்துவருக்குக் கிடைக்கும் வருமானம் அவருக்குக் கிடைப்பதில்லை. 2017-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களிடம் நடந்த பெரிய நல்வாழ்வு ஆய்வில் தங்கள் தொழிலைப் பிறருக்குப் பரிந்துரைப்போம் என்றவர்கள் 41 சதவீதமே. அதே ஆய்வில் கடுமையான மனநெருக்கடி உள்ளவர்களின் விகிதம் பொதுமக்களினதை ஒத்தே இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சுமை இளையவர்களிடம் குவிந்திருந்தது. மாறாக, 11,627 பேர் பங்கேற்ற 2014-ஆம் ஆண்டுக் கணிப்பு ஆறில் ஒருவருக்கு மேல் பட்டம் பெற்றபின் எப்போதாவது தற்கொலையைப் பற்றி எண்ணியதாகக் காட்டியது. இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு, சேர்ந்த ஆட்களும் வேறு. ஒன்றை மட்டும் எடுத்துக்காட்டுவது நேர்மையாகாது.

உரிமையாளரின் துயரமும் மருத்துவரின் தோளில் இறங்குகிறது. கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மேரி பெத் ஸ்பிட்ஸ்நேகல், நோயுற்ற செல்லப்பிராணியைப் பராமரிப்பவர்களின் சுமையை 2017 முதல் ஆராய்ந்து, அது அடிக்கடி அழைப்பதாகவும் கோபமாகவும் புகாராகவும் மருத்துவர்மேல் மாறிவிழுகிறது என்கிறார். இணையத்தில் ஒரே இரவில் பரவும் அவதூறு இதன் இன்றைய வடிவம். பிரிட்டனில் 2013-இல் ஏறத்தாழ பத்து சதவீதமாக இருந்த பெருநிறுவன மருத்துவமனைகள் இன்று அறுபது சதவீதத்தை எட்டிவிட்டதாக அந்நாட்டுச் சந்தைப் போட்டி ஆணையம் கணக்கிட்டுள்ளது. கட்டணத்தை முடிவு செய்பவர் வேறு, அதற்காக ஏச்சு வாங்குபவர் வேறு என்ற நிலை இதனால் வருகிறது. மறுபுறம், தனி மருத்துவமனை நடத்தியவர்களுக்குக் கிடைக்காத நிலையான சம்பளமும் விடுப்பும் சிலருக்கு இதனால்தான் கிடைத்தன. மனநலத்தில் இதன் நிகர விளைவு இன்னும் தீர்மானமாகவில்லை.

இங்கே எவ்வளவு பொருந்தும்

மேலே சொன்னவை எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் செல்வ நாடுகளின் செல்லப்பிராணி மருத்துவமனைகளிலிருந்து வந்தவை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தினரின் 2019 ஆய்வில் தற்கொலை செய்துகொண்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர் சிறு விலங்கு மருத்துவர்கள். தமிழகத்துக் கால்நடை உதவி மருத்துவரின் நாள் வேறு. அவர் அரசு ஊழியர். மாட்டாஸ்பத்திரியில் காலை நோயாளிகள், பிறகு சினை ஊசி, தடுப்பூசி முகாம், இலக்குகள், அறிக்கைகள். கல்விக் கடனும் கட்டணத் தகராறும் இங்கே பெரிய பிரச்சினைகளாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒரே கறவை மாட்டை நம்பி வாழும் குடும்பத்தின் முன் அது பிழைக்காது என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். 2022-இல் பெரியம்மை எனப்பட்ட தோல் கழலை நோய் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளைக் கொன்றபோது அந்த வாசல்களில் நின்றவர்கள் இவர்களே.

மனச்சாட்சி நெருக்கடி இங்கே திசை மாறியும் வரும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960, மீளாத வேதனையில் உள்ள விலங்கின் உயிரை முடிக்க வழி தருகிறது. ஆயினும் பல மாநிலங்களின் பசுவதைத் தடைச் சட்டங்களும் குடும்பங்களின் நம்பிக்கையும் சேர்ந்து, எழ முடியாமல் கிடக்கும் மாட்டை நாள்கணக்கில் அப்படியே விட வைக்கின்றன. ரோலின் பேசியது கொல்ல நேர்வதன் வலியை. இங்கே, காப்பாற்றவும் முடியாமல் விடுவிக்கவும் முடியாமல் நிற்பதன் வலி.

மருந்து அலமாரி விடையும் இங்கே வேறாகலாம். ஊர்தோறும் பூச்சிக்கொல்லி எளிதாகக் கிடைக்கும் நாட்டில், வழி கைக்கெட்டுவதில் மருத்துவருக்கும் மற்றவருக்கும் இடையேயான வேறுபாடு மேலைநாட்டைவிடக் குறைவு. ஆகவே அந்த விடை சரியென்றால், இங்கே கால்நடை மருத்துவர்களின் கூடுதல் ஆபத்தும் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். சோதித்துப் பார்க்கத்தக்க கணிப்பு இது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கை, தற்கொலை செய்துகொண்டவர்களைச் சம்பளம் பெறுவோர், தினக்கூலிகள், விவசாயத் துறையினர், மாணவர் என்று அகன்ற வகைகளிலேயே பிரிக்கிறது. கால்நடை மருத்துவர் அதில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தீராதவையும் செய்யத்தக்கவையும்

இந்த விடைகள் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். ஏன் துயரப்படுகிறார்கள் என்பதற்கு வேலைச் சூழலும் மனச்சாட்சி நெருக்கடியும் நம்பத்தக்க விளக்கம் தருகின்றன. துயரப்படுகிறவர்களில் ஏன் இத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதற்கு மருந்து அலமாரியே வலுவான விளக்கம். கருணைக்கொலை அனுபவத்தின் பங்கு கலங்கலாகவே இருக்கிறது. ஆளுமை துணைக்காரணமாக மட்டும் நிற்கிறது.

துயரம் எந்தப் புள்ளியில் ஆபத்தாக மாறுகிறது, பெண்களின் விகிதம் ஏன் உயர்ந்து நிற்கிறது, உதவியாளர்களை எது வதைக்கிறது, பிரிட்டனில் கண்ட இறக்கத்துக்கு எது காரணம் என்பவை திறந்த கேள்விகள். உதவி அமைப்புகளின் பயனும் அப்படியே. பிரிட்டனின் வெட்லைஃப் தொலைபேசி உதவி 1992 முதல் இயங்குகிறது. டென்னசி பல்கலைக்கழகம் 2002 முதல் கால்நடை மருத்துவமனைகளுக்கென்றே சமூகப்பணியாளர்களைப் பயிற்றுவிக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் “நாட் ஒன் மோர் வெட்” என்ற சக மருத்துவர் ஆதரவு அமைப்பு தொடங்கியது. இவை பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. மரணங்களைக் குறைத்தனவா என்று காட்டும் வலுவான ஆய்வு வேண்டும்.

எல்லாக் கேள்விகளும் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்தான மருந்துகளை இருவர் கையொப்பமின்றி எடுக்க முடியாத பூட்டில் வைப்பதற்குப் பெரிய செலவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் இளைய மருத்துவரைத் தனியாக விடாமலிருப்பது நிர்வாக முடிவு. மனச்சாட்சிக்கு ஒவ்வாததை மறுக்கும் உரிமையை எழுத்தில் தருவதும் அப்படியே. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் இந்திய கால்நடை மருத்துவக் குழுவும் தங்கள் பட்டதாரிகளின், உதவியாளர்களின் நலனை முறையாகக் கணக்கெடுக்கத் தொடங்க வேண்டும். கணக்கெடுக்காத துயரத்துக்கு நிதியும் வராது, பணியிடமும் வராது.

இதை வாசிப்பவர் கால்நடை மருத்துவராகவோ, உதவியாளராகவோ, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவராகவோ இருந்து, வாழ்வு கனத்துப்போயிருந்தால் இன்றே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, சென்னை சிநேகா 044-24640050, இலங்கையில் தேசிய மனநல நிறுவனம் 1926.